குறைந்த செலவில் ஹெட்போன்: வாங்குவதும் பூட்டுவதும், பழைய கசற்றைக் கேட்பதும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீடுகளில் போய் இருந்து கதைக்கும்போது, பேச்சுவாக்கில் ஒரு பிஸ்கற் தகரம் வெளியே வரும். அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம், இவற்றோடு நாலைந்து கசற்றும் கிடக்கும். 1990 ஓகஸ்டில் மண்டைதீவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் எம்மவர் வெளிக்கிட்டபோது கைக்கு அகப்பட்டதைத்தான் எடுத்து வந்தார்கள். அதற்குள் கசற்றும் அகப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஜேர்மனிக்கோ கனடாவுக்கோ போன மகன், கடிதத்தில் எழுத வராததைக் கசற்றில் பேசி அனுப்பினான். தாயும் அதே கசற்றின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பினாள். நாட்டுக்கூத்து, கலியாண வீட்டுப் பேச்சு, செத்த வீட்டு ஒப்பாரி என்று இன்னும் பலவும் அவற்றில் இருக்கின்றன.

இன்று அந்தத் தகரங்கள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. ரேப் றெக்கோடர் பழுதாகிவிட்டது, அல்லது திருத்துவார் இல்லை. இன்னொரு தடையும் உண்டு. காணாமற்போன பிள்ளையின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு ஊருக்கே கேட்க வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஒரே அறையில் பேரப்பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். ஹெட்போன் இந்த இரண்டு சங்கடங்களையும் தீர்க்கும். ஆனால் எதை வாங்குவது, எந்தத் துளையில் எதைச் செருகுவது என்று தெரியாமல் காசை வீணாக்கியவர்கள் பலர். அதனாலேயே இந்தக் கட்டுரை.

டைனமோக் காலம்

காதோடு வைத்துக் கேட்பது எமக்குப் புதிதல்ல. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றானது. செத்துப்போன பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னொரு கால் மணித்தியாலம் உயிர் கொடுத்துப் பார்த்தோம். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பாடவைத்தோம். பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் அப்படித்தான் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. (தமிழோசை தனது வானொலிச் சேவையை 2017 ஏப்ரல் 30 உடன் நிறுத்திக்கொண்டது. வெரித்தாஸும் 2018இல் சிற்றலையை விட்டு விலகியது. அந்தப் பழைய சிற்றலை றேடியோவை வைத்திருப்பவர்கள் இனி அவற்றை அதில் தேட வேண்டாம்.)

சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற் அளவில் மின்சாரம் தருவது. அது முன்னும் பின்னும் மாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம்தான் வேண்டும். ஆகவே நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் இடையில் பூட்டினார்கள். பெடலை மெதுவாகச் சுற்றினால் செய்தி இழுபடும். வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறி றேடியோவே எரிந்துபோகும். அந்தச் சின்ன மின்சாரத்தில் இயர்போனைச் செருகிக் கேட்டவர்களுக்குச் சுற்றும் வேலை குறைந்தது. ஒரு சிறிய றேடியோவின் ஒலிபெருக்கி உரத்துப் பேச ஏறக்குறைய 250 முதல் 500 மில்லிவாற் வரை கேட்கும். காதோடு ஒட்டியிருக்கும் ஹெட்போனுக்கோ ஒரு மில்லிவாற் கிடைத்தாலே காது அடைக்கும். அறை முழுவதும் இருக்கும் காற்றை அசைக்கத் தேவையில்லை, காதுத் துவாரத்துக்குள் இருக்கும் கொஞ்சக் காற்றை அசைத்தால் போதும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். ஹெட்போனில் கேட்பதற்குப் பெரிய அம்பிளிபயர், பெரிய செலவு எதுவும் தேவையில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

எதை வாங்குவது?

ஹெட்போன் பெட்டியில் 16 ஓம், 32 ஓம், 250 ஓம் என்று ஓர் எண் போட்டிருக்கும். இதைப் பம்பும் குழாயும் போல நினைத்துக்கொள்ளுங்கள். வோல்ற் என்பது பம்பின் தள்ளு விசை. ஓம் என்பது குழாய் எவ்வளவு ஒடுக்கம் என்பது. ஒடுங்கிய குழாயால் தோட்டத்துக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் பம்பு பலமாகத் தள்ள வேண்டும். கைத்தொலைபேசியோ சாதாரணக் கணினியோ பெரும்பாலும் ஒரு வோல்ற் அளவில்தான் தள்ளும். அந்த ஒரு வோல்ற் 32 ஓம் ஹெட்போனில் 31 மில்லிவாற் கொடுக்கும். 250 ஓம் ஹெட்போனில் 4 மில்லிவாற்தான்.

இதில் எம்மவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் உள்ள உறவினர் நல்லது, விலை உயர்ந்தது என்று ஒரு ஹெட்போனை வாங்கிப் பார்சலில் அனுப்புவார். இங்கே போனில் செருகினால் சத்தம் பதுங்கிக் கேட்கும். பழுது என்று மூலையில் போட்டுவிடுவோம். அது பழுதல்ல, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்தது. பெயர்டைனமிக் என்ற ஜேர்மன் கம்பனியின் டி.ரி. 770 என்ற ஒரே ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று வெவ்வேறு வகையாக விற்பனைக்கு வந்திருக்கிறது. சென்ஹைசரின் எச்.டி. 600 என்பது 300 ஓம். இவற்றுக்குத் தனி ஹெட்போன் அம்பிளிபயர் இருந்தால்தான் உரிய ஒலி வரும். ஆகவே அனுப்பப்போகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "தம்பி, 32 ஓமுக்கு மேற்படாததாய்ப் பார்த்து எடு" என்று. அவருக்கும் செலவு குறையும்.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் காசின் பெரும்பகுதியை ஹெட்போனுக்கே போடுங்கள். காதை முழுவதும் மூடும் வகை, கழற்றி மாற்றக்கூடிய வயர், கழற்றி மாற்றக்கூடிய பஞ்சு உறை, இம்மூன்றும் இருந்தால் அது பத்து வருடம் உழைக்கும். வயர் உள்ளே ஒட்டிப்போயிருக்கும் மலிவுச் சாமான் பிளக் அருகே முறிந்ததும் குப்பைக்குத்தான் போகும். வயரில்லாப் புளூருத் வகை வசதியானதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் பற்றறி சில வருடங்களில் தளர்ந்துவிடும், மாற்றுவது கடினம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வயர் ஹெட்போனுக்குச் சார்ஜ் தேவையில்லை.

பிளக்கைப் பார்க்கப் பழகுங்கள்

நாம் வழமையாகக் காணும் மெல்லிய பிளக் 3.5 மி.மீ. பருமனானது. பழைய அம்பிளிபயர்களில் இருக்கும் தடித்தது 6.35 மி.மீ. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையங்களில் 19ஆம் நூற்றாண்டில் பாவித்த பிளக்கின் வாரிசு அது. இரண்டையும் இணைக்கும் சிறு அடப்டர் மலிவாகக் கிடைக்கும்.

பிளக்கின் உலோகத் தண்டில் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று இருந்தால் ஒற்றை ஒலி. இரண்டு இருந்தால் ஸ்ரீரியோ, அதாவது இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனி வழி. மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. ஸ்ரீரியோ ஹெட்போனைப் பழைய ஒற்றை ஒலி றேடியோவில் செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும். றேடியோவும் ஹெட்போனும் இரண்டும் நல்லவைதான். நடுவில் ஒற்றை ஒலியிலிருந்து ஸ்ரீரியோவுக்கு மாற்றும் அடப்டரைப் போட்டால் இரு காதிலும் வரும்.

இன்னொரு விநோதமான கோளாறு உண்டு. பாட்டில் வாத்தியம் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும். பேய் பிடித்ததென்று நினைக்க வேண்டாம். இரு காதுக்கும் பொதுவான திரும்பு வயர் விட்டுப்போனால் இப்படியாகும். இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதுக்கு வரும், இரண்டுக்கும் பொதுவான குரல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மூன்று வளையப் பிளக்கில் மைக்கின் இடமும் திரும்பு வயரின் இடமும் கம்பனிக்குக் கம்பனி மாறியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய வகையைப் புதிய போனில் செருகினாலும் இதே கோளாறுதான். வயரில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் காரணம் அதுதான்.

போனில் ஹெட்போன் துளையே இல்லையா? 2016இல் அப்பிள் கம்பனி ஐபோன் 7இல் அந்தத் துளையை எடுத்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதற்கு விரல் நீள வயர்த் துண்டு ஒன்று விற்கிறார்கள். டொங்கிள் என்று கேட்டால் தருவார்கள். இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்குள் எண்களை ஒலியாக்கும் சிறு சில்லு இருக்கும், அது கணினியிலும் வேலை செய்யும். மற்றது வெறும் வயர். சில போன்களுக்கு மட்டுமே பொருந்தும். கடையிலேயே உங்கள் போனில் செருகிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

கணினியில் எந்தத் துளை?

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபின் பல வீடுகளுக்குப் பழைய மேசைக் கணினிகள் வந்து சேர்ந்தன. அவற்றை எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் பச்சை, இளநீலம், றோசா என்று மூன்று நிறத் துளைகள் இருக்கும். பச்சை, ஒலி வெளியே வருவதற்கு, ஹெட்போன் இங்கே. றோசா, மைக்குக்கு. இளநீலம், இன்னொரு கருவியின் ஒலியை உள்ளே எடுப்பதற்கு. கசற்றைப் பதிய எமக்கு வேண்டியது இந்த இளநீலம்தான்.

முன்பக்கத் துளையில் கேட்டால் சிலவேளை வண்டு ரீங்காரம் போல் ஒரு சத்தம் வரும். மவுசை அசைக்க அதுவும் சேர்ந்து அசையும். கணினிக்குள் நீண்டு வளைந்து வரும் வயர் உள்ளேயுள்ள இரைச்சலைப் பிடித்துக்கொள்வதே காரணம். பின்பக்கம் மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மேலே சொன்ன டொங்கிள் ஒன்றை யூ.எஸ்.பி. துளையில் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மடிக்கணினியில் ஒரே ஒரு துளைதான் இருக்கும். அது ஹெட்போனுக்கும் மைக்குக்கும் மட்டும். அதற்குள் ரேப் றெக்கோடரின் ஒலியைக் கொடுத்தால் மைக்குக்கென்று வைத்த வாசலில் வெள்ளம் புகுந்த மாதிரி ஒலி சிதறும். இதற்கென்று ஒலியை உள்ளே எடுக்கும் யூ.எஸ்.பி. பெட்டிகள் விற்கிறார்கள். பெஹ்ரிங்கர் கம்பனியின் யூ.சி.ஏ. 202 அவற்றுள் மலிவானவற்றில் ஒன்று. அதில் ஒலி உள்ளே போகவும் வெளியே வரவும் வழி உண்டு, ஹெட்போன் துளையும் சத்தத் திருகும் உண்டு. ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. ஓர் ஊருக்கு ஒன்று போதும், வாசிகசாலையிலோ சங்கக் கட்டடத்திலோ வைத்து முறைவைத்துப் பாவிக்கலாம்.

ஏர்த் வயரைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். மேசைக் கணினியின் தகரப் பெட்டியைத் தொட்டால் விரல் கூசுகிறதென்றால் வீட்டு மின்னிணைப்பில் ஏர்த் இல்லை என்று அர்த்தம். அவசரமாகக் கட்டிய வீடுகளில் இது சாதாரணம். உலோகப் பிளக் கொண்ட ஹெட்போனைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தக் கணினி முன் இருப்பது விளையாட்டல்ல. மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு ஏர்த் குத்துங்கள். இரைச்சலைக் குறைக்க ஏர்த் பின்னை முறித்துவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். றெக்கோடரும் கணினியும் ஒரே நேரத்தில் மின்சாரத்தில் ஓடும்போது 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், றெக்கோடரைப் பற்றறியில் ஓடவிடுங்கள், அதுவே மருந்து. இடி மின்னல் நாட்களில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

கசற்றைப் போடுமுன்

கசற் 1963இல் பிலிப்ஸ் கம்பனி அறிமுகப்படுத்தியது. அதற்குள் ஓடும் நாடா செக்கனுக்கு 4.76 செ.மீ. நகரும். எமது தகரங்களில் இருப்பவை பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டியவை. ஆகவே நோயாளியைத் தொடுவதுபோல் தொட வேண்டும்.

முதல் வேலை, கசற்றின் முதுகு விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளை முறித்துவிடுவது. அவை போய்விட்டால் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் றெக்கோடர் பதியாது. ஒரு விரல் தவறினால் போய்விடும் குரல் அது, இதைச் செய்யாமல் எந்தக் கசற்றையும் உள்ளே போட வேண்டாம். அடுத்து, வெளிச்சத்தில் பிடித்து நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அதை ஒதுக்கி வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சணம் றெக்கோடரின் தலையில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் தொற்றும். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலைப் பல்லுக்குள் விட்டுச் சுற்றுங்கள், இது எல்லோருக்கும் பழக்கமான வேலைதான். றெக்கோடரின் தலையையும் றப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உள்ளே ஓடும் றப்பர் வார் தளர்ந்திருந்தால் குரல் தடித்து இழுபடும். அதை மாற்றிவிட்டே பதிய வேண்டும்.

இனி ஹெட்போனின் உண்மையான உபயோகம் தெரியும். தலைக்குப் பக்கத்தில் சுருள்வில் போட்ட சிறு திருகாணி ஒன்று இருக்கும். தலை நாடாவுக்கு நேரே நிற்கிறதா சரிந்து நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். உங்கள் கசற் பதிந்தது வேறு நாட்டில் வேறு றெக்கோடரில் என்றால் இரண்டின் சரிவும் ஒன்றாக இராது, குரல் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் மங்கிக் கேட்கும். திருகாணி நின்ற நிலையை முதலில் மையால் குறித்துவிட்டு, ஹெட்போனைக் காதில் வைத்தபடி சிறிது சிறிதாகத் திருப்புங்கள். 'ச', 'ஸ' போன்ற கூரிய ஒலிகள் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. ஒலிபெருக்கியில் இந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடாது.

பதியும்போது றெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து இரு பக்கமும் 3.5 மி.மீ. பிளக் உள்ள வயரை எடுத்துக் கணினியின் இளநீலத் துளைக்குக் கொடுங்கள். பச்சைத் துளையில் ஹெட்போன். ஓடாசிற்றி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் பதியலாம். றெக்கோடரின் சத்தத்தை மூன்றில் ஒரு பங்கில் வைத்துத் தொடங்கி, திரையில் ஒலிமானி சிவப்பைத் தொடாதபடி பாருங்கள். சிவப்பைத் தொட்டுச் சிதறிய குரலைப் பின்னர் திருத்த முடியாது, மெதுவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். பேச்சுக் கசற்றென்றால் ஒற்றை ஒலியாகவே பதியுங்கள். வேவ் வடிவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபைற் பிடிக்கும், 60 நிமிடக் கசற் ஒன்றுக்கு 320 அளவில் வரும். சிறிய பென் டிரைவ் ஒன்றிலேயே ஒரு குடும்பத்தின் தகரம் முழுவதும் அடங்கிவிடும்.

பிரதி இரண்டு வேண்டும், அதுவும் இரண்டு வீடுகளில். ஒன்று வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் இருந்தால் நல்லது. ஒரே இடத்தில் வைத்தது என்ன ஆகும் என்பது 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைக் கண்ட எமக்குத் தெரியாததல்ல. கூத்து, ஒப்பாரி, ஊர்க்கதை போன்ற பொதுவில் வைக்கத்தக்க பதிவுகளை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களுக்கு வழங்கலாம். 2005இல் தொடங்கிய அந்த முயற்சி நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது. வீட்டுக் குரலைக் கொடுப்பதா இல்லையா என்பது அந்த வீட்டார் தீர்மானிக்க வேண்டியது.

காதையும் பாருங்கள்

ஷெல் சத்தத்தில் செவிப்பறை போனவர்கள் எங்களிடையே குறைவல்ல. ஒரு காது மட்டும் கேட்பவர் ஸ்ரீரியோவில் கேட்டால் பாதி ஒலி செவிட்டுக் காதுக்கே போகும். போனிலும் கணினியிலும் 'மோனோ' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் முழு ஒலியும் நல்ல காதுக்கு வரும். நல்ல காது உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல். 90 டெசிபல் ஆனால் 4 மணித்தியாலம் மட்டுமே. தண்ணீர் இறைக்கும் மிசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாட்டுக் கேட்கும் இளைஞர்கள், மிசின் சத்தத்தை வெல்லவென்று அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள்.

கசற்றைத் தனியே கேட்பதோடு, வயது போனவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்பதும் நல்லது. ஒரு துளையை இரண்டாக்கும் கவர் பிளக் விற்கிறது, இருவர் இரண்டு ஹெட்போனில் ஒரே நேரம் கேட்கலாம். பின்னணியில் இருமுவது யார், பெயர் சொல்லிக் கூப்பிடுவது எந்த மாமி, கேட்கும் மணி எந்தக் கோவில் மணி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் நிமிடத்தோடு எழுதுங்கள். கோப்புக்குப் பெயரிடும்போதும் ஆண்டு, இடம், பேசுபவர் என்ற ஒழுங்கில் போடுங்கள். ஆண்டு நிச்சயமில்லையென்றால் 'சுமார்' என்று சேர்த்துவிடுங்கள்.

பதிந்து முடிந்ததும் கசற்றை எறிய வேண்டாம். இன்னும் நல்ல கருவி நாளை வரலாம். தீவுக் காற்றில் உப்பு அதிகம், பிளக்கும் துளையும் பச்சை பிடிக்கும். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும், அல்ககோல் பஞ்சே போதும். மருந்துப் போத்தல்களுக்குள் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் கசற்றையும் ஹெட்போனையும் வையுங்கள். கசற்றுகளை நிமிர்த்தி அடுக்கி, றேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி வையுங்கள், அதன் பின்னால் காந்தம் இருக்கிறது.